அரை நொடி

மாதம் அறுபத்தெட்டு டாலர்.
ரசீதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள் ஒடெட்.
ஒட்டிய காந்தத்தில் எங்கள் எண்ணே இருந்தது:
நடோ விதைக்கிழங்கு, கடைசி நாலு இலக்கம் 4471.
கனடா எல்லைவரை பாதிச் சமையலறைகளில்
அந்தக் காந்தம் எதையோ பிடித்துக்கொண்டிருக்கிறது.
லைனை விடலாம் என்றாள்.
எண்ணை விட முடியாது.

மூன்று கம்பெனிகள்.
கிழங்கு மூட்டைச் சீட்டின் முதுகில் கோடு கிழித்தேன்.
முதலாவது மலிவு; எண்ணைப் பெயர்த்துத் தராது.
மூன்றாவது எல்லாம் தரும்,
எதற்கு எவ்வளவு என்பதை மட்டும் வாய்விட்டுச் சொல்லாது.
நடுவில் இருந்தது
ஒரு மாதம் சும்மா ஓட்டிப் பார் என்றது.
சும்மா என்றாலே எனக்குச் சந்தேகம்,
ஒடெட்டுக்கு ஆசை.

'பனிமழை அடித்த வருஷம்
ஆறு நாள் கரண்ட் இல்லை. போன் இருந்தது.
கட்டுச்சோற்றைத் தானே சுமந்துவரும் கம்பி அது.
இந்தப் பெட்டி நம் வீட்டுப் பந்தியில் உட்காரும்,
சுவரில் கரண்ட் செத்தால் உடன்கட்டை ஏறும்.'
'பேட்டரி வாங்கு' என்றாள்,
வேறு பேச்சில்லை.

விண்ணப்பம் கேட்டது:
அவசரம் என்று அழைத்தால்
உங்களை எங்கே வந்து தேடுவது?
முப்பத்தேழு வருஷத்தில்
சுவர் போன் அப்படிக் கேட்டதே இல்லை.
அதற்கு எங்கள் வீடு தெரியும்.
சாலைப் பெயரை அடித்தேன். அப்படி ஒன்று இல்லை என்றது.
எழுத்தை மாற்றி அடித்தேன். இல்லை.
நாலாம் முறை,
பாலம் தாண்டி இடது பக்கம், கூரை சரிந்த கொட்டகை,
நாய் கடிக்காது
என்றே அடித்துவிட்டேன்.
இயந்திரம் மன்னிப்புக் கேட்டது.

செவ்வாய்க்கிழமை பெட்டி வந்தது.
சோப்பு டப்பா அளவு, ஒற்றைப் பச்சைக் கண்.
பழைய போனின் வாலை அதில் செருகிக்
காதில் வைத்தால் அதே ரீங்காரம்.
'அது நிஜ டோன் இல்லை சார்,
உங்களுக்குப் பழக்கம் என்று பெட்டியே முனகிக் காட்டுகிறது'
என்றான் கம்பெனிப் பையன்.
பெட்டிமேல் கொஞ்சம் பிரியம் வந்தது அப்போதுதான்.

சோதித்துப் பார்க்க
ஒடெட் செல்லை எடுத்துக்கொண்டு டிராக்டர்மேல் ஏறினாள்.
எங்கள் நிலத்தில் சிக்னல் அங்கேதான் நிற்கும்.
நான் சமையலறை ஜன்னலில், ரிசீவரோடு.

மணி அடித்தது.
கண்ணாடிக்கு அப்பால் அவள் உதடு அசைந்தது.
காதில் ஒன்றுமில்லை.

அரை நொடி இருக்கும்.
அதற்குள்
திட்டுகிறாளா கொஞ்சுகிறாளா என்று பிடிபடவில்லை.
இரண்டுக்கும் அவளுக்கு ஒரே உதடு;
குரலை வைத்துத்தான்
இத்தனை வருஷம் கண்டுபிடித்து வந்திருக்கிறேன்.

கையை வேறு ஆட்டினாள்.
நானும் ஆட்டினேன்.

உதடு மூடியபிறகு
சொல் வந்து சேர்ந்தது:
'உன் பின்னால் புகை.'

கருகிய ரொட்டியைச் சுரண்டிக்கொண்டே
நடுவில் இருந்ததற்கு வட்டம் போட்டேன்.
ஒடெட் இன்னும் டிராக்டர்மேல் நின்று
எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள்.