என்றும் அழைக்கப்படும்

புதுக்கடை நீதிமன்றத்துக்கு எதிரே
பக்கம் எண்ணூறு ரூபாய்க்குப்
பெயர்களைக் கரை மாற்றுகிறேன்.
நான் முத்திரை குத்தினால் அது உண்மை.

புதன்கிழமை, டயர் மணக்க வந்தாள் அடைக்கலமேரி.
கொட்டாஞ்சேனையில் டயர்க் கடை ஒன்றில் கணக்கெழுதுகிறாள்.
மகனின் விசாவுக்கு, பிளாஸ்டிக் உறை நிறையத் தாள்கள்.

அவளுடைய பிறப்புச் சான்றிதழில் கல்பிரெய்த்.
அப்பாவின் விவாகப் பதிவில் கல்பிரத்து.
தாத்தாவின் அடையாள அட்டையில்
சிங்களம் வழியாக வந்து கல்பரட்ண.
"ரத்தினம்னு ஆக்கிட்டாங்க சேர்,
அவருக்கு அதுல கொஞ்சம் சந்தோசந்தான்."
தோட்டத்துச் செக்ரோலில், யாரோ அவசரமாய்க் கிறுக்கிய
வெறும் கல்லு.

இதில் எதை நான் சரியென்று எழுத?

அன்றிரவு வெள்ளவத்தையில்,
பாணந்துறை ரயில் ஜன்னலை உலுக்கிவிட்டுப் போனபின்
காசு வராத வேலையைச் செய்தேன்.

கேலிக் என்று ஒரு மொழி.
நம்முடைய கேலிக்கும் அதற்கும் உறவில்லை.
அதில் கல் என்றால் கல் இல்லை, அந்நியன்.
பிரெய்த், பிரித்தன்.
ஸ்கொட்லாந்து ஏரிக்கரையில்
வேறு பேச்சுப் பேசியவர்களை
அயலார் கைகாட்டிச் சொன்ன சொல்.
அவர்களாக வைத்துக்கொண்டதல்ல.
கூப்பிடக் கூப்பிட
ஒருநாள் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.
பிறகு கல்லறையில் வெட்டிக்கொண்டார்கள்,
படகேறி அயர்லாந்துக்குக் கொண்டுபோனார்கள்,
கப்பலேறிக் கோப்பிக்கும் தேயிலைக்கும்.

அப்படி வந்த ஒருவர்
ஏழு வருடம் பங்களாவில் இருந்தார்.
போனார்.
தாத்தாவின் பிறப்புப் பதிவில்
தகப்பன் பெயர்க் கட்டத்தில் ஒரு கோடு.
பிள்ளையின் பெயருக்குப் பின்னால் மட்டும்
மை கொஞ்சம் அழுந்தி, அந்தப் பெயர்.
அறிவித்தவர்: தாய், பேச்சி.
பெருவிரல் அடையாளம்.

கேட்டு வாங்கினாளா,
கேட்காமல் எடுத்தாளா,
எழுதியவன் பயந்தானா.
ரேகையை மொழிபெயர்க்க எனக்கு அனுமதி இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தபோது சொன்னேன்:
உங்கள் பெயருக்கு அர்த்தம் அந்நியர், அம்மா.

மிச்சக் காசை எண்ணிக்கொண்டே சிரித்தாள்.
"அத நாப்பத்தெட்டுலயே
கவர்மெண்ட் சும்மா மொழிபெயர்த்துக் குடுத்திருச்சே சேர்."

என் பேனா மூடியை நான் தேடினேன்.
மேசைக்குக் கீழே கிடந்தது.

எல்லாப் பெயரையும் விட்டுவைத்திருந்தேன்.
ஒவ்வொன்றுக்கும் நடுவில்
'என்றும் அழைக்கப்படும்',
'என்றும் அழைக்கப்படும்',
ஊதா முத்திரை இரண்டு இடத்தில்.

மகன் அடுத்த மாதம் தோஹாவுக்கு.
அங்கே ஒரு குமாஸ்தா
வலமிருந்து இடமாக எழுதத் தொடங்குவான்.
பேனாவை நிறுத்தி, நிமிர்ந்து,
இன்னொருமுறை சொல்லு என்பான்.