கம்பி தெரிகிறது

வியாழன் இரவு ஏழரைக்குப் பறப்பார்
கேப்டன் குமிழ்.
திங்கள் காலை எட்டுக்குள்
என் மேசையில் வந்து இறங்கிவிடும்
அவரைப் பற்றி நாடு நினைப்பதெல்லாம்,
மூன்று சாக்கில்.

பர்பாங்க், நான்காம் தளம், ஜன்னல் இல்லாத அறை.
பிரிப்பது என் வேலை:
புகழ்ச்சி ஒரு பெட்டி, வசை ஒரு பெட்டி,
இரண்டும் இல்லாதது காலடியில்.

எனக்கு நிகழ்ச்சி பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
சோப்புக் கம்பெனிக் குமாஸ்தா
கொப்பரையில் விழுந்தானாம், வீரனாய் எழுந்தானாம்.
உடம்பைக் கவ்வும் ஊதா உடுப்பு,
முட்டியில் ஒட்டுப்போட்டது.
ஊசி ராணியின் கோட்டை வெறும் அட்டை;
கதவைச் சாத்தினால்
பின்னாலிருக்கும் மலை ஆடும்.

அமரில்லோவிலிருந்து ஒரு பாதிரியார்:
"அந்தக் கால்சட்டை வெட்கக்கேடு.
ஒன்பது வாரம் கூர்ந்து கவனித்த பிறகே சொல்கிறேன்."

ஆன் ஆர்பரில் அறைத்தோழர் இருவர்.
ஒருவனுக்கு இது அரசாங்கத்தின் மேல் எறிந்த அங்கதம்,
மற்றவனுக்கு வெறும் சோப்பு.
பத்து டாலர் பந்தயம்; தீர்ப்பு நாங்கள் சொல்லவேண்டுமாம்.

ஸ்போகேன், கோடு போட்ட தாள், எட்டு வயது:
"திட்டம் போடுவது, வரைபடம் வரைவது எல்லாம் ஊசி ராணி.
அவர் மேலிருந்து வந்து விழுவதோடு சரி.
ஒரு வாரமாவது அவள் ஜெயிக்கக்கூடாதா?"

டல்சாவில் ஒரு பையன்
மேசைத்துணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு
கராஜ் கூரையிலிருந்து குதித்திருக்கிறான்.
"வழக்குப் போடுவதாக இருந்தேன்," என்கிறாள் தாய்,
"மாவுக்கட்டின் மேல் கேப்டனின் கையெழுத்து கிடைக்குமா?"

பெயரில்லாத அஞ்சலட்டை ஒன்று:
"படு அபத்தம். ஒரு வாரமும் தவறவிட்டதில்லை."
எந்தப் பெட்டியில் போட?
அரைநாள் கையிலேயே வைத்திருந்தேன்.

எப்படிச் சுற்றினாலும்
அந்தக் கம்பியில் வந்து நிற்பார்கள்.
கம்பி தெரிகிறது என்பார்கள்,
திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தவர்கள்போல.
தெரிவதுதான் அழகே என்பார்கள்,
சான் பிரான்சிஸ்கோவில் கூட்டமாய் உட்கார்ந்து
தெரியும்போதெல்லாம் கோப்பை உயர்த்துகிறவர்கள்.
"எந்தக் கம்பி?" என்று ஒருத்தி கேட்டிருந்தாள்.

மார்ச்சில் டுலூத்திலிருந்து ஒரு பென்சில் கடிதம்.
ஆர்விட் காங்காஸ், இரும்புத்தாதுத் துறைமுகம்,
கிரேன் ஓட்டுகிறார், இருபத்தாறு வருடம்.
நிகழ்ச்சி நன்று, நன்றில்லை,
ஒரு சொல் கிடையாது.

"இடப்பக்கக் கம்பியில், தோளுக்கு ஓரடி மேலே,
இழை பிரிந்திருக்கிறது.
அவர் திரும்பும்போது மயிர்போல மினுங்குகிறது.
பிப்ரவரியில் ஒன்று. இப்போது மூன்று.
அந்த மனிதர் நூற்றெண்பது பவுண்டாவது இருப்பார்.
குறையாகச் சொல்லவில்லை. மாற்றிவிடுங்கள்."
கீழே ஒரு படம், அளவுகளோடு.

அந்த மனிதர்.
அந்தச் சொல்லை இரண்டு முறை படித்தேன்.

லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கினேன்.
கம்பிகளுக்குப் பொறுப்பான ஹாப் ஸ்டென்சன்
கடிதத்தைப் படித்து முகம் சுளித்து
ஏணியில் ஏறினார்.
வெகுநேரம் மேலேயே இருந்தார்.
இறங்கியதும் யாரிடமும் பேசாமல்
ஒவ்வொரு விளக்காக அணைத்தார்.

ஏப்ரல் கடைசியில் புதுக் கம்பி திரைக்கு வந்தது.
துணி காயப்போடலாம், அத்தனை பருமன்.
திங்களன்று ஐந்து சாக்கு.
வசைப் பெட்டி நிறைந்து காலடிக்கு வழிந்தது.
பாதிரியார்கூடக் கால்சட்டையை விட்டுவிட்டுக்
கம்பிக்கு வந்துவிட்டார்.

எல்லாருக்கும் அச்சடித்த பதில் ஒன்றுதான்:
"அன்புள்ள ரசிகரே,
கேப்டன் குமிழ் தம் சொந்தச் சக்தியால் பறக்கிறார்."
டுலூத்துக்கும் அதே போனது, விதி அப்படி.
ஓரத்தில் மட்டும் பேனாவால் எழுதினேன்:
மாற்றியாயிற்று.

பத்தாம் நாள் மறுபடி பென்சில்.
"பார்த்தேன். கம்பி சரி.
அடுத்து, இடுப்புப் பட்டையின் கொக்கி."