312-ஆம் அறைக்கு யோகர்ட்

ஓல்ட்டன் ஆஸ்பத்திரி, நிலத்தடிச் சமையலறை.
காலை ஆறே கால்.
பெல்ட்டில் தட்டுகள் வரும்,
ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு சின்ன அட்டை:
பெயர், அறை, எது கூடாது.
பதினாறு வருசமாக என் இடம் மூன்றாவது.
எனக்கு முன்னால் பாண், பின்னால் லுர்தெஸ்.
என் கை பால் சாமான்களின் கை.

முன்பெல்லாம் வாசிப்பது என்று தனியாக ஒரு வேலை இருந்ததில்லை.
கண் பட்டதும் கை போய்விடும்.
இப்போது நடுவில் யாரோ ஓர் ஆள் நிற்கிறார்.
அட்டையை வாங்கி, திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து,
"பால்... கூடாது" என்று எழுத்துக்கூட்டி
எனக்குச் சொல்லி முடிப்பதற்குள்
தட்டு லுர்தெஸிடம் போய்விடுகிறது.

செவ்வாய்க்கிழமை 312-க்கு யோகர்ட் வைத்தேன்.
லுர்தெஸ் அதை எடுத்து ஏப்ரன் பைக்குள் போட்டாள்.
என்னைப் பார்க்கவில்லை.
பார்க்காததுதான் சுட்டது.

அதே கட்டடம், நாலாம் மாடி.
தட்டு வண்டியோடு லிஃப்டில் ஏறுகிறவள்
அன்றைக்குக் கைப்பையோடு ஏறினேன்.
திருமதி ஏபிஷர் ஒரு தாள் தந்தார்.
மேலே ஒன்பது குறிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம்.
கீழே வெறும் குறிகள், வரிசை வரிசையாய்.
பார்த்துப் பார்த்து இலக்கம் சொல்ல வேண்டும்.
தொண்ணூறு விநாடி.
"இது எங்கட பெல்ட் எல்லோ" என்றேன்.
அவருக்கு விளங்கவில்லை.

நூறிலிருந்து ஏழேழாய்க் குறைக்கச் சொன்னார்.
உள்ளே எண்பத்தாறு என்று வரும்.
டொச்சில் அதை ஆறும் எண்பதும் என்று
தலைகீழாய்ப் புரட்டித்தான் வெளியே விட வேண்டும்.
இருபது வருசம் புரட்டியிருக்கிறேன்,
புரட்டுவது தெரியாமலே.
இப்போது அது புரளும் சத்தம் கேட்கிறது.

திரையில் என் மூளை.
பனி கொட்டத் தொடங்கிய முதல் நிமிடத்துத் தார் ரோட்டைப் போல
அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள்.
நரம்பின் மேலுறை தேய்ந்த இடங்களாம்.
செய்தி நிற்கவில்லையாம், சுற்றிப் போகிறதாம்.
நடுவில் இருக்கும் நீர்க்குளங்கள்
போன முறையை விடக் கொஞ்சம் அகலமாம்.
கரை சுருங்கினால் குளம் பெருத்ததாகத்தானே தெரியும்.

மூளைக்குள் பனிமூட்டமா என்று கேட்கிறார்கள்.
ஓல்ட்டனில் இருக்கிறவளிடம் அதைக் கேட்கக் கூடாது.
நவம்பர் முழுக்க ஆரே ஆற்றுப் பாலம்
மறுகரை இல்லாமல் நிற்கும்.
அதற்குள்ளால் நடந்து ஒருநாளும் நான் வேலைக்குப் பிந்தியதில்லை.
இது வேறு.
எல்லாம் துலக்கமாகத் தெரிகிறது.
வந்து சேரத்தான் நேரமாகிறது.

வீட்டில் கேத்தல் கொதிக்க, டிவி பேச,
ஆரபி பள்ளிக்கூடக் கதை சொல்ல,
மூன்றும் ஒரே வாசலில் நெரிபடும்.
"ஓம்" என்பேன்.
பதினொரு வயது. கண்டுபிடித்துவிட்டாள்.
"அம்மாட்ட ரெண்டு ஓம் இருக்கு.
கேட்ட ஓம், கேக்காத ஓம்."
கேத்தலை நிறுத்தினாள்.
கதையை முதலிலிருந்து தொடங்கினாள்,
கொஞ்சம் அலுப்போடு.

இப்போது அட்டைகளை வாய்விட்டு வாசிக்கிறேன், தமிழில்.
பால் இல்லை. உப்பு இல்லை. பால் இல்லை.
வியாழக்கிழமை, நான் இன்னும் அட்டைக்குள் இருக்க,
"பால் இல்லே" என்றாள் லுர்தெஸ்,
போர்த்துக்கீச நாக்கால்.
சரியாகத்தான் சொன்னாள்.
நன்றி வரவில்லை எனக்கு. கோபம்தான் வந்தது.
அதையும் எழுதிவைக்க வேண்டும்.

ஏபிஷர் முதலில் பதினைந்து சொற்கள் வாசித்திருந்தார்.
இருபது நிமிடம் கழித்துத் திரும்பக் கேட்டார்.
ஒன்பது கொடுத்தேன்.
பரவாயில்லை என்றார், பென்சிலை வைத்துவிட்டு.

பஸ் ட்ரிம்பாக் சந்தியில் திரும்பும்போது
பத்தாவது வந்தது.
வாளி.
டொச்சில் அல்ல. தமிழில்,
கைப்பிடி கிறீச்சிட, தண்ணீர் தளும்ப.
பக்கத்தில் இருந்த மனுசி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
கைப்பைக்குள் 312-இன் அட்டை,
செவ்வாய்க்கிழமை திரும்பி வந்த தட்டிலிருந்து எடுத்தது.
அதன் பின்பக்கத்தில் எழுதினேன்.
இதற்குப் புள்ளி கிடையாது.