சட்டை எடுத்துக் கொடுக்கும் உரிமை

பாளையங்கோட்டையில்
முப்பத்தோரு வருடம் ஐரோப்பிய வரலாறு நடத்தினேன்.
பிரெஞ்சு அரசனின் தம்பியைப் பற்றிய பாடம்
மேல்காற்று ஜன்னலை அறையும் ஆடியில் வரும்.

அரண்மனையில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள்.
மொசியே என்பார்கள்; ஐயா, அவ்வளவுதான்.
பட்டம் வேண்டுமென்றால்
ஏதாவது ஊரின் பெயரைத் தோளில் போர்த்துவார்கள்:
ஓர்லியான், ஆஞ்சு, பெர்ரி.
அந்த ஊரில் போய் இருக்கவேண்டும் என்பதில்லை.

பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள்.
வீட்டில் நான் சின்னவர் என்று
ஒருநாளும் அவர்களிடம் சொன்னதில்லை.
சீவலமுத்து என்ற பெயர்
சம்பளப் பட்டியலில்தான் உயிரோடிருந்தது.

ஆவுடைக்கோட்டை ஜமீனில்
அண்ணன் பிறந்ததற்கு இருபத்தொரு வேட்டு.
எனக்கு ஏழு.
ஏழாவது நமுத்துப்போய்விட்டதாம்.
பங்கு பிரிக்கக்கூடாத சொத்து என்று
லண்டன் வரை போய்த் தீர்ப்பு வாங்கியிருந்தார் தாத்தா,
கூடப் பிறந்த தம்பிக்கு எதிராக.
ஆகவே எனக்கு ஜீவனாம்சம்:
மாதம் அறுபது ரூபாய்,
பூவுக்குப் பதினெட்டுக் கோட்டை நெல்,
வடக்குத் தோப்பில் நாலு மாமரம்.
அதில் ஒன்று காய்க்காது.

அந்தத் தம்பி ஒருமுறை படை நடத்திப் போனான்.
வென்றான்.
ஊரெல்லாம் அவன் பேச்சு.
அதற்கப்புறம் சாகும்வரை
அண்ணன் அவனிடம் ஒரு படையும் தரவில்லை.

இந்த இடம் வந்ததும்
கரும்பலகையைத் துடைக்கத் திரும்பிவிடுவேன்.

பதினாறு வயதில் களக்காட்டு மலையடியில்
ஒற்றைப் பன்றியை ஒரே தோட்டாவில் சாய்த்தேன்.
காவல்காரர்கள் தோளில் தூக்கி வந்தார்கள்,
பன்றியையல்ல, என்னை.
அப்பா சிரித்தார். அண்ணன் முதுகில் தட்டினான்.
விடிந்தபோது துப்பாக்கி நிலவறைக்குப் போயிருந்தது.
"துடைக்கக் குடுத்திருக்கு" என்றார் கணக்கர்.
அறுபது வருடமாகத் துடைக்கிறார்கள்.

பிரான்சில் கழுத்தை வெட்டிச் சமமாக்கினார்கள்.
இங்கே சர்வேயர் சங்கிலியோடு வந்தார்,
மோர் வாங்கிக் குடித்துவிட்டு அளந்தார்.
அண்ணனும் நானும் ஒரே உயரமானோம்.
அண்ணனுக்குத்தான் யாரும் அதைச் சொல்லவில்லை.

அவனுக்கு மிஞ்சியது வருடத்தில் ஒரு நாள்.
ஆடி அமாவாசை, சாஸ்தா கோயில்,
தலைப்பாகை, வாள், சிவப்பு வெல்வெட் நாற்காலி.
இடப்பக்கம் விசிறியோடு நான்.

இந்த வருடம் அவன் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில்.
என்னை உட்காரவைத்தார்கள்.
தலைப்பாகை புருவத்தைத் தாண்டி இறங்கியது.
அண்ணனுக்குப் பெரிய தலை என்று ஊரே சொல்லும்.
மருமகன் எங்கிருந்தோ காகிதம் கொண்டுவந்து
மடித்து உள்ளே திணித்தான்:
பரணில் கிடந்த என் மாதிரித் தேர்வுக் கட்டு.
மூன்று மணி நேரம்
யாரோ ஒரு பையனின் பத்து மதிப்பெண் விடை
என் நெற்றியில் ஊறிக் கிடந்தது.
ஊதா மை.
கும்பிட்டவர்கள்
அதையும் ஒரு பரம்பரைக் குறி என்று நினைத்திருப்பார்கள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.
டிரிப் ஏறிக்கொண்டிருந்தது.
"என்னல நெத்தியில?"
"பிரெஞ்சுக்காரன்."
அவன் மேற்கொண்டு கேட்கவில்லை.
எக்ஸ்ரேக்குக் கூப்பிட வந்த நர்ஸ் டிரிப்பைக் கழற்றினாள்.
அவன் எழுந்து உட்கார்ந்து
கையை நீட்டினான், எப்போதும் போல,
பார்க்காமல்.
ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்தேன்.

பிள்ளைகள் சிரிக்கும் பாடம் இதுதான்:
அரசன் காலையில் எழுந்ததும்
சட்டையை எடுத்துக் கொடுக்கும் உரிமை தம்பிக்கு.
பெரிய உரிமை.
வேறு யாரும் தொடக்கூடாது.

ஊசி குத்தியிருந்த கையை முதலில் நுழைத்தேன்.
மூன்றாவது பித்தானைக் காணோம்.

"பொருந்துச்சால?"
சட்டையைச் சொல்கிறான் என்று நினைத்தேன்.
அவன் என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் பெரிசு."

"எனக்குந்தான்" என்றான்.
"நான் பஞ்சு வப்பேன்."