தீவாதல்

சுவரில் ஒரு கோடு.
பதினோராம் ஆண்டு வெள்ளம் வந்து நின்ற இடம்.
அதற்கு மேலே இரண்டு அடி என்று
பென்சிலால் கீறினேன்.
திட்டம் அங்கிருந்துதான் தொடங்கியது.

நாற்பத்தெட்டு செல்.
நீல உறை, ஒவ்வொன்றும் ஐந்தரைக் கிலோ,
பதினாறு பதினாறாய் மூன்று நிரை.
"இது எத்தனை பவுண்?" என்றாள் ஜெனோவா.
சொன்னேன்.
கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

இரவுக்கு என்னென்ன வேணும், எழுது என்று
தாளைக் கொடுத்தேன்.
கிணற்று மோட்டார்.
இறால் வைத்த பிரிட்ஜ்.
முன்னறையில் இருபத்திரண்டு பிள்ளைகள்
அவளிடம் கணக்குப் படிக்கையில் சுழலும்
நாலு காத்தாடி.
ஏசி என்று எழுதி, என்னைப் பார்த்து, வெட்டி,
திரும்பவும் எழுதினாள்.
தாளின் அடியில் கோணல் எழுத்தில் ரொமேஷ்:
மீன் தொட்டி.
அது ஐந்து வாட்டுடா, கணக்கிலேயே வராது என்றேன்.
"வராட்டி மீன் செத்துரும் அப்பா."

ஐந்து வாட். எழுதினேன்.

தொடராய்க் கட்டுமுன்
எல்லாவற்றையும் தோளோடு தோள் நிறுத்தி
ஒரே வோல்ட்டுக்கு ஏற்றவேண்டும்.
நாலு பகல், நாலு இரவு.
மீற்றரில் மூன்றாம் தசம இலக்கம்
நத்தை மாதிரி நகர்ந்தது.
வாவிக் காற்று செம்பைத் தின்னும் என்று
நட்டுக்கு நட்டு கிரீஸ் பூசினேன்.
பாரம் கொடுத்துப் பார்த்தபோது
முப்பத்தோராவது மட்டும் கொஞ்சம் சோர்ந்தது.
அது களைத்தால்
நிரையில் மற்றப் பதினைந்தும் நிற்கும்.
அதன் பக்கத்தில் ஒரு சின்ன விசிறி வைத்தேன்.
வேறென்ன செய்ய.

மின்சார சபையிலிருந்து பேரின்பம் வந்தார்.
நாற்பத்து மூன்று யூனிட் கொள்ளும் என்று
நான் தொடங்கியதை அவர் கேட்கவில்லை.
"லைன் செத்தா உங்கட வீடு என்ன செய்யும்?"
"தீவாகிரும்."
"புளியந்தீவே தீவு. அதுக்குள்ள இன்னொண்டா?"
இடது கையை நீட்டினார்.
இரண்டு விரல் மடங்கவில்லை.
"செத்த கம்பி எண்டுதான் தொட்டன்.
ஆரோ ஒரு வீட்டில ஜெனரேட்டர்."

வாசல் கம்பத்தில் ஏறி பியூஸைக் கழற்றினார்.
ஒழுங்கை இருண்டது.
எங்கள் காத்தாடி ஒரு சுற்றும் தளரவில்லை.
பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள்.
எனக்கு உள்ளே பார்க்கத் தோன்றவில்லை.
மேலே அவர் கையில் ரெஸ்ரர்
எங்கள் வீட்டுக் கம்பியைத் தொடுகிறது.
ஒரு தரம். இன்னொரு தரம்.
கையுறையை மாற்றிக்கொண்டு மூன்றாம் தரம்.
"ஒண்டுமில்ல" என்றார்.
இத்தனை மாதம் படம் கீறியது
அந்த ஒரு சொல்லுக்குத்தான் போலிருந்தது:
எங்கள் வெளிச்சத்தில் ஒரு பொட்டும்
அவர் விரல்வரை போகவில்லை.

இருட்டிலிருந்து எதிர்வீட்டு மனுவேல்
போனும் சார்ஜரும் கொண்டு வந்தார்.
பின்னால் இன்னும் மூன்று பேர்.
என் பட்டியலில் அவர்கள் இல்லை.
ஜெனோவா பேசாமல் போய்
ஏசியை நிறுத்திவிட்டு வந்தாள்.

பிறகு பியூஸ் திரும்பியது, ஒழுங்கை திரும்பியது,
எங்கோ ஒரு டீவி பாதிச் சொல்லில் பேசத் தொடங்கியது.
எங்கள் வீடு சேரவில்லை.
இன்வேட்டரின் திரையில் எண்கள் இறங்கின:
முந்நூறு, இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது.
"வந்துட்டுத்தானே, ஏன் சேருதில்ல?"
"பாக்குது. ஐம்பது ஹேட்ஸ் நிக்குதா,
திரும்பவும் போயிருமா எண்டு.
அஞ்சு நிமிசம்."

கதவில் சாய்ந்து நின்றாள்.
"அஞ்சு நிமிசம்தானா."

கட்டாரில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு
பெட்டியோடு வந்து நின்ற மாதம்
அவள் இரண்டு பேருக்கே அரிசி அளந்தாள்.
பானையை மூடப்போகும்போது நினைவு வந்து
ஒரு பிடி கூட்டினாள்.
எந்த நாளில் அது நின்றதென்று
நான் குறித்து வைக்கவில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டு.
இருநூற்றுப் பதினொன்று.
தொட்டியில் குமிழிகள் ஏறிக்கொண்டிருந்தன.