பரிதிக்குப் புறத்தே

ஏலத்தை ஏலம் விடுகிற ஊர் எங்கள் போடி.
காய்க்கும் கூவலுக்கும் ஒரே சொல்.
இதுவரை யாரும் குழம்பியதில்லை.

அன்று வியாழன்.
எட்டு எம்.எம். காய் எடுக்க
விடியுமுன்னே மலையேறிப் புற்றடிக்குப் போயிருந்தார்
முதலாளி ஜக்கப்பன்.
பதினொன்றேகாலுக்கு
தெரியாத எண்ணிலிருந்து அவர் முகம் வந்தது.
குலசாமி கோயில் கும்பாபிஷேகத்தில் எடுத்த படம்.
நெற்றிச் சந்தனம் புருவத்தில் வழிய,
தோளில் பட்டுத்துண்டு.
ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு
தேங்காய்த் தட்டைப் பிடித்திருப்பது
என் இடது கை.

"சுருளியம்மா, இது புது நம்பர்.
பழைய போன் டிஸ்பிளே போச்சு.
சாப்பிட்டாச்சா?"

பதிமூன்று வருடமாக அவருக்கு என் பெயர் கணக்கு.
ஏ கணக்கு, பில்லை எடு.
எங்கய்யா போச்சு இந்தக் கணக்கு.
என் பெயர் எங்கிருந்து கிடைத்ததென்று
அப்போது யோசிக்கவில்லை.
கடை ரசீது ஒவ்வொன்றின் அடியிலும்
தொடர்புக்கு என்று நான்தான் இருக்கிறேன்,
என் எண்ணோடு.

"வண்டன்மேட்டுப் பார்ட்டிக்கு உடனே அனுப்பணும்.
நாலு லட்சத்து எண்பதாயிரம்.
ஏலத்துல உக்காந்திருக்கேன், பேச முடியாது.
தயவுசெய்து."

சும்மா அனுப்பிவிடவில்லை.
பழைய எண்ணுக்குக் கூப்பிட்டேன், மூன்று தடவை.
மலைக்கு அந்தப் பக்கத்துப் பெண்ணொருத்தி
பொறுமையாகச் சொன்னாள்:
நிங்ஙள் விளிக்குந்ந சப்ஸ்க்ரைபர்
பரிதிக்குப் புறத்தாணு.
அவளுக்குப் பரிதி என்றால் எல்லை.
எனக்குச் சூரியன்.
எப்படியோ, ஆள் மலைமேல்தான் என்றாகிவிட்டது.
எல்லாம் பொருந்திவிட்டது.

இரண்டு தவணையாக அனுப்பினேன்.
"நன்றிம்மா. நீ இல்லாட்டி
இந்தக் கடை ஓடாது" என்று வந்தது.
கல்லாப்பெட்டி மேல் போனை நிமிர்த்திவைத்து
அதை இன்னொரு தடவை வாசித்தேன்.

நாலு மணிக்கு அவர் இறங்கி வந்தார்,
உடையாத டிஸ்பிளேயோடு.

பத்தொன்பது நிமிடத்தில் பணம்
ஐந்து கணக்கு மாறிவிட்டதாம்,
ஐந்துக்கும் ஐந்து ஊர்.
அந்தக் கணக்குகளின் சொந்தக்காரர்களும்
வாடகைக்குப் பெயர் கொடுத்தவர்கள்தானாம்.
தேனியில் எழுதிக்கொண்டவர்
பேனாவை மூடிவைத்துக் கேட்டார்:
"படத்தப் பாத்தா போதுமாம்மா?
யார் வேணாலும் எடுத்து ஒட்டிக்கலாமே.
ஒரு சந்தேகமும் வரலையா?"

வந்தது.
சாப்பிட்டாச்சா என்றபோதே வந்தது.
தயவுசெய்து என்றபோது
எழுந்து என் எதிரே நின்றது.
கொஞ்சம் தள்ளி நில்லு என்றேன் அதனிடம்.
இதை அவர் எழுதிக்கொள்ளவில்லை;
நான் சொல்லவில்லை.

மாதம் மூவாயிரம் சம்பளத்தில் பிடிக்கிறார்கள்.
வட்டி இல்லை, அதுவரைக்கும் சரி.
நூற்றி அறுபது மாதம்.
கணக்கு எனக்குத் தெரியும்.

அந்த எண்ணில் இப்போது முகம் இல்லை.
சாம்பல் வட்டம்,
உள்ளே யாருமில்லாத தோள்கள்.
பிளாக் செய்யச் சொன்னார்கள், செய்தேன்.
அழிக்கச் சொல்லவில்லை யாரும்.

இப்போது கடையில் புது விதி.
எவ்வளவு அவசரமென்றாலும்
குரல் கேட்காமல் காசு போகாது.
நேற்றும் பூப்பாறையிலிருந்து கூப்பிட்டார்.
கொரகொரவென்று காற்று, லாரி ஆரன்,
நடுவில்
"ஏ கணக்கு, காதுல என்ன பஞ்சா?"

அவரேதான்.
அனுப்பிவிட்டேன்.
மணி மூன்று.
டப்பாவை இன்னும் திறக்கவில்லை.