கால் திருப்பு

ஆடி பிறந்து நாலாம் நாள்.
பாலக்காட்டுக் கணவாய்
வாயைத் திறந்துவிட்டு மூட மறக்கிற மாதம்.
கிணத்துக்கடவில் பைக்கை ஸ்டாண்டில் நிறுத்தி
கையை எடுக்க யோசிக்க வேண்டும்.

சுகந்தி வீட்டு முன்கதவு.
வெள்ளை பிளாஸ்டிக் சட்டம், உள்ளே இரும்புக் குழாய்,
மூன்று கீல்.
புகார்ச் சீட்டில் இரண்டே சொல்: உரசல், சத்தம்.

"அவரு ஃபவுண்டரில நைட் ஷிப்டுங்க.
நாலு மணிக்கு வந்து சாவி போட்டுத் தள்ளுனா
கர்ர்ருன்னு ஒரு இழுப்பு.
பாப்பா முழிச்சுக்குவா.
பொறவு விடியற வரைக்கும் யாருக்குந் தூக்கமில்லீங்."

கீலின் மூடியைக் கழற்றினேன்.
உள்ளே மூன்று திருகு.
ஒன்று கதவை ஏற்றும், இறக்கும்.
ஒன்று இடம் வலம் நகர்த்தும்.
மூன்றாவது, கதவை ரப்பரோடு நெருக்குவது.
அதை ரொம்பத் தொடாதே என்பார் சூப்பர்வைசர்,
நெருக்கம் மிஞ்சினால்
ரப்பர்தான் முதலில் சாகும்.

அரை நூல் தொங்கியிருந்தது.
ஆலன் கீயை மூன்று சுற்று விட்டேன்.
ஒரு விரலால் தள்ளினேன்.
தண்ணீரில் இலை போவதுபோலப் போனது.
மோர் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டார்கள்.

எட்டாம் நாள் மறுபடி அதே முகவரி.
சீட்டில் புகார்: சத்தம் இல்லை.
எழுதியவன் தப்பாக எழுதிவிட்டான் என்று நினைத்தேன்.

"தப்பில்லீங்.
கண்ணு முழிச்சுப் பாத்தா பக்கத்துல படுத்திருக்காரு.
எப்ப வந்தாருன்னே தெரியறதில்ல.
போன மாசம் அவங்க லைன்ல
உருக்குத் தெறிச்சு ஒருத்தருக்குக் கை போச்சுங்.
முன்னெல்லாம் அந்தக் கர்ர்ரு கேட்டாப் போதும்,
வந்தாச்சுன்னு திரும்பிப் படுத்துக்குவேன்.
இப்ப ராத்திரி பூரா
கதவையே கேட்டுட்டுக் கெடக்கறனுங்."

"பாப்பா?"

"அவ நல்லாத் தூங்கறா.
அதக் கெடுத்துறாதீங்."

பதினோரு வருடம் கதவு மாட்டியிருக்கிறேன்.
அம்மாவுக்குக் கேட்டு
பிள்ளைக்குக் கேட்காத அளவு
எந்த கேட்டலாக்கிலும் இல்லை.

சுகந்தி உள்ளறைக்குப் போய்
கட்டிலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.
நான் வாசலில் நின்று திறந்தேன், அடைத்தேன்.
"கேக்குதுங்களா?"
"காத்துத்தானுங் கேக்குது."
கால் திருப்பு இறக்கினேன்.
"இப்ப?"
"இன்னுஞ் சித்தெ."
எதிர்வீட்டு ஆள் பல்குச்சியோடு வந்து நின்று
என்னைத் திருடன் என்றும் சொல்ல முடியாமல்
பைத்தியம் என்றும் சொல்ல முடியாமல் பார்த்தார்.

கடைசியில் ஒரு சின்ன உரசல் கிடைத்தது.
சோளத்தட்டைக் காலால் மிதித்த மாதிரி.
"இதேதானுங்" என்று உள்ளேயிருந்து குரல்.

ஆனால் பகல் பதினொரு மணி அது.
மேற்கு வெயில் ஏற ஏற இந்த பிளாஸ்டிக் நீளும்,
ராத்திரி சுருங்கும்.
இப்போது உரசுவது
நாலு மணிக்கு உரசாமலும் போகலாம்.
சொன்னேன். முகம் விழுந்துவிட்டது.

என்ன செய்ய.
எந்தத் திருகு, எந்தப் பக்கம் என்று காட்டினேன்.
அவரே இரண்டு தரம் இறக்கி ஏற்றிப் பார்த்தார்.
என்னைவிட நிதானம்.
"அவர்கிட்டச் சொல்லிறாதீங்,
கதவைச் சரிபண்ணச் சொன்னதே அவருதான்."

திரும்பும்போது ஒத்தக்கால்மண்டபத்தில்
டீக்கு இறங்கினேன்.
ஃபவுண்டரி ஆட்கள் பத்துப் பேர்
புருவத்தில் கரி மண்ணோடு நின்றார்கள்.
அதில் ஒருவர் கப்பை வைத்துவிட்டு
இரண்டு கையையும் நீட்டிச் சோம்பல் முறித்தார்.
இரண்டு கையும் இருந்தது.
யாரோ எவரோ.

சீட்டில் நிவாரணம் என்ற கட்டத்தைக்
காலியாக விட்டேன்.
அதற்குக் கீழே,
பொருள் இழப்பு:
ஆலன் கீ, நாலு எம்.எம்., ஒன்று.
நாற்பது ரூபாய் சம்பளத்தில் பிடித்தார்கள்.